கரையில் இருக்கவேண்டிய பெயர்

மூன்று புறமும் அலை முழங்கக் குன்றின் முடியில் எழுந்தருளியிருக்கும் கோணநாதா, மாதுமை அம்மையை ஒரு பாகத்தே உடையாய், கடலிலே பிறந்த நஞ்சைக் கண்டத்தில் அடக்கி உலகைக் காத்த கருணையே, இச்சிறு எழுத்துக்குத் துணைநின்று அருள்க. நான் கண்ட ஒரு மனிதரை, கண்டபடியே சொல்ல வரம் தருக. மிகையாகச் சொல்லி அவரைக் கூச வைக்காமலும், குறைவாகச் சொல்லி என்னைக் காத்துக்கொள்ளாமலும் இருக்க அருள்க.

இன்று மாசி மகம். விடியற்காலையிற் கடலாடி, ஈரவேட்டி மாற்றி, நீறணிந்து எழுத அமர்ந்திருக்கிறேன். தீர்த்தத்துறையில் இன்று சனம் நெருக்கி நின்றது. கூட்டத்தில் தவறிப்போன முதியவர் ஒருவரின் பெயரை ஒலிபெருக்கியில் எவரோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பெயர், தகப்பன் பெயர், ஊர். அந்த ஒழுங்கில் அதைக் கேட்டதும் முழங்கால் நீரில் அப்படியே நின்றுவிட்டேன். மூதூர் லோஞ்சின் தண்டையல் கேட்கும் ஒழுங்கு அது.

தண்டையல் என்பது படகின் தலைவருக்கு எங்கள் பக்கத்தில் வழங்கும் சொல். இன்று பாலங்கள் போட்டுவிட்டார்கள். திருகோணமலையில் பஸ் ஏறினால் ஒரு கண்ணயர்வில் மூதூர் வந்துவிடுகிறது. அன்று அப்படியில்லை. கிண்ணியாப் பக்கத்தால் தரைவழி போவதென்றால், ஒவ்வோர் ஆற்றிலும் மிதவைக்குக் காத்திருந்து ஏறி இறங்கி அரைநாள் போய்விடும். கொட்டியாரக் குடாவைக் குறுக்கே வெட்டிச் செல்லும் எஞ்சின் படகான லோஞ்சே எங்களுக்கு வழி. நான் மூதூரில் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞன். திங்கட்கிழமை காலை போய், அங்கே தங்கி வேலை பார்த்து, வெள்ளி மாலை அன்புவழிபுரத்து வீட்டுக்குத் திரும்புவேன். கைபேசி எவர் கையிலும் இல்லாத காலம்.

அந்தத் தண்டையல் மூதூர் முஸ்லிம். நடுத்தர உயரம், வெயிலில் வெந்த மேனி, மடித்துக் கட்டிய சாரம், தலையில் வெள்ளைத் தொப்பி, வலக்காதில் ஒரு பென்சில். பேனாவை அவர் நம்புவதில்லை. “மை மழைக்குக் கரைஞ்சிரும். பென்சில் கரையாது” என்பார். பென்சிலின் நுனியை நாவில் தொட்டுத் தொட்டு எழுதுவதால் அவருடைய கீழுதட்டில் எப்போதும் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும்.

கரையிலிருந்து லோஞ்சுக்குப் போடும் பலகை ஒடுக்கமானது. ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏறலாம். பலகையின் தலைப்பில் கொப்பியோடு அவர் நிற்பார்.

“பேர்?”

“வாப்பாட பேர்?” தமிழரானால், “அப்பாட பேர்?”

“ஊர்?”

மூன்றுக்கும் மறுமொழி சொல்லாமல் ஒரு கால் உள்ளே வைக்க ஏலாது. எல்லாரும் ஏறியபின் அந்தத் தாளைக் கிழித்து, ஜெட்டி என்னும் படகுத்துறையடித் தேத்தண்ணிக் கடைக்குக் கொடுத்தனுப்புவார். கடைக்காரர் அதைச் சுவரிலுள்ள ஆணியிற் குத்திவிட்டு, வாசலுக்கு வந்து கையை உயர்த்திக் காட்டவேண்டும். அந்தக் கையைக் கண்ட பிறகே எஞ்சின் முழங்கும். மூதூர்க் கரையிலும் இதேபோல ஒரு கடை, ஓர் ஆணி. எந்தச் சட்டமும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. கால்மணித்தியாலம் வீணாகிறது என்று லோஞ்சின் சொந்தக்காரர் ஓயாமல் ஏசுவார். தண்டையல் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, அடுத்த ஆளிடம் திரும்பி, “பேர்?” என்பார்.

ஒருநாள் கோட்டணிந்த பெரிய உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். வெளியூரார். பெயர் கேட்டதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“நான் ஆரெண்டு உனக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும் ஐயா. கடலுக்குத் தெரியாது.”

உத்தியோகத்தர் அசையவில்லை. தண்டையலும் அசையவில்லை, பலகையிற் குந்திக்கொண்டார். வெயில் ஏறியது. மீன்கூடையோடு உள்ளே இருந்த ஒரு பெண் பொறுமை இழந்தாள். “தண்டையல், அவரை விடும், நான் சொல்லுறன் எழுதும்! கோட்டுப் போட்ட பெரியவர். தலையில மயிரில்லை. வயிறு கொஞ்சம் முன்னுக்கு நிக்கும். கரையொதுங்கினா அடையாளம் பிடிக்கிறது லேசு!”

லோஞ்சு குலுங்கிச் சிரித்தது. உத்தியோகத்தர் பல்லைக் கடித்துக்கொண்டு பெயரைச் சொன்னார். தண்டையல் பணிவாக எழுந்து நின்று, “எழுத்துக்கூட்டிச் சொல்லுங்க ஐயா. பிழையா எழுதினா உங்கட வீட்டாக்கள் என்னைத்தான் ஏசுவாங்க” என்றார். அதில் ஏளனம் ஒரு துளியும் இல்லை.

இன்னொரு நாள் ஓர் இளம் சோடி. இருவர் கையிலும் ஒரே ஒரு பை. பெண் ஒரு பெயரைச் சொன்னாள். பென்சில் நின்றுவிட்டது.

“மகள், இது உன்ர பேரில்ல. சொந்தப் பேரைச் சொல்ல ஒருத்தரும் இவ்வளவு யோசிக்கிறல்ல.”

அவள் கண் கலங்கியது. தண்டையல் குரலைத் தாழ்த்தினார். “நீ எங்க போறாய், ஏன் போறாய் எண்டு நான் கேக்கல்ல. ஆருக்கும் சொல்லவும் மாட்டன். ஆனா ஒண்டு. இந்தப் படகு தாழ்ந்தா, உன்னப் பெத்தவள் அழவேண்டிய நேரத்தில சும்மா இருந்திரக் கூடாது.”

அவள் அவர் காதருகில் ஏதோ சொன்னாள். எழுதியபின், தாளின் அந்த மூலையை மாத்திரம் உட்புறமாக மடித்து ஈர்க்கினாற் குத்தி மூடினார். தாம் அதைத் திறந்து பார்க்கவில்லை என்று தேத்தண்ணிக் கடைக்காரர் பிற்காலத்திற் சத்தியம் செய்வார். நம்பியிருக்கிறேன்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. தீட்சை பெற்று ஒரு வருடம். திருமுறைகளில் நெஞ்சு தோய்ந்து கிடந்த காலம். “நான்” என்பது அறவேண்டும் என்று ஓதி ஓதி, அது அற்றே போய்விட்டதாக எண்ணிக்கொண்டிருந்தேன். பலகையில் என் முறை வந்தது.

“பேர்?”

“கோணேசர் அடிமை.”

“அது உங்கட பேரா ஐயா?”

“மெய்யான பேர் அதுதான். மற்றது தகப்பனார் வைச்சது.”

“இந்தப் பேர்ல ஊர்ல எத்தின பேர் இருக்காங்க?”

“எல்லா உயிரும் அவருக்கு அடிமைதான்.”

பென்சிலாற் காதைச் சொறிந்தார். “அப்ப எனக்குப் பெரிய கொப்பி ஒண்டு வேணும்.”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவரும் மேற்கொண்டு வாதிடாமல் “கோணேசர் அடிமை” என்றே எழுதினார்; தகப்பன் பெயருக்கும் ஊருக்கும் நான் அந்தக் கோணேசரையே சொன்னதால், அந்த இரண்டு இடங்களையும் வெறுமையாக விட்டார். அதன்பின் திங்கள்தோறும், வெள்ளிதோறும் அதுவே. உத்தியோகத்தரை வெயிலில் நிறுத்திவைத்த அதே மனிதர், என்னை மட்டும் விட்டுவிட்டார். காரணத்தை ஒருநாள் அவரே சொன்னார். “ஐயா, ஆண்டவன்ர பேரை வெட்டிப்போட்டு வேற பேர் தாங்க எண்டு கேக்க என்ர வாய் வருதில்ல. எந்தச் சமயமெண்டாலும் அது அவன்ட பேர்தானே. நீங்களாப் பார்த்து மாத்தினா நல்லம்.”

நான் அதை என் பக்திக்குக் கிடைத்த வெற்றியாக எடுத்துக்கொண்டேன்.

பெயர் எழுதும் பழக்கம் அவருக்கு ஏன் வந்தது என்பதை ஒரு வெள்ளிக்கிழமை மாலை அறிந்தேன். கடல் எண்ணெய் வார்த்ததுபோலக் கிடந்தது. கலங்கரை விளக்கமுள்ள வெளிச்சவீட்டு முனை தொலைவில் தெரிந்தது. சுக்கானைப் பிடித்தபடி, கேட்காமலே சொல்லத் தொடங்கினார். அவருடைய வாப்பாவின் வாப்பா இளைஞராயிருந்த காலத்தில், நீராவிக் கப்பல் ஒன்று மாரிக் காற்றில் வழிதப்பி, அந்த முனைக்கு வெளியேயுள்ள பாறையில் ஏறிப் பிளந்ததாம். ஒரு கிழமையாக மனிதர்கள் கரையொதுங்கினார்கள். உயிரோடு ஒருவரும் இல்லை. மூதூர்ச் சனங்கள் வீட்டிலிருந்த வெள்ளைத் துணிகளையெல்லாம் கொண்டுவந்து போர்த்தி, எந்தச் சமயத்தார் என்று தெரியாமலே மணலில் அடக்கினார்கள்.

“பெறகு பெரிய ஆக்கள் வந்து எழுதினாங்களாம் ஐயா. கப்பல்ர பேர் எழுதினாங்க. எத்தின பெட்டித் தேயிலை எண்டு எழுதினாங்க. பெட்டிக்கெல்லாம் இலக்கம் இருந்திச்சி. அடுப்பில கரி அள்ளிப் போட்ட மனிசனுக்கு ஒண்டுமில்ல. எந்த ஊர்ல எவள் அவனுக்காகக் கதவைச் சாத்தாம இருந்தாளோ. எங்கட வாப்பாட வாப்பா மௌத்தாகிக் கண் மூடும் வரைக்கும் அதத்தான் சொல்லிச் சொல்லி இருந்தவராம். ‘புதைச்சனான், ஆரைப் புதைச்சனான் எண்டு தெரியாது’ எண்டு.”

எங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழம் உலகறிந்தது. அந்த ஆழம் பலவற்றை விழுங்கியிருக்கிறது. பாய்க்கப்பல்களின் நங்கூரங்கள் இங்கே கிடக்கின்றன. உலகப் போரில் எரிந்து அமிழ்ந்த இரும்புக் கப்பல் கிடக்கிறது. கோணேசர் குன்றின் அடியில், இடித்துத் தள்ளப்பட்ட ஆலயத்தின் தூண்களும் கிடக்கின்றன. இப்போது நிலாவெளி விடுதிகளிலிருந்து வெளிநாட்டார் முதுகில் காற்றுக்குடம் கட்டிக்கொண்டு மூழ்கிப் பார்க்கிறார்கள். கப்பலின் நீளத்தையும் அகலத்தையும் பீரங்கிகளின் தொகையையும் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கரி அள்ளியவன் எந்த ஊரான் என்று அவர்களிடம் கேட்டால், புன்னகைக்கிறார்கள். நானும் அன்று அப்படித்தான் புன்னகைத்திருப்பேன். பிறவியைக் கடல் என்றும் திருவடியைத் தோணி என்றும் பாடி உருகத் தெரிந்த எனக்கு, உப்புநீர் நிறைந்த இந்தக் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது.

தெரியவந்த நாள் ஒரு கார்த்திகை மாதத் திங்கட்கிழமை.

இரவு முழுவதும் காற்று. காலையில் என் மனைவி வாசலில் வழிமறித்தாள். “இஞ்சாருங்கோ, இண்டைக்குக் கடலால போகாதேங்கோ. கிண்ணியாப் பக்கத்தால பஸ்ஸில போங்கோ.”

“நேரம் காணாது.”

“கலியாணம் முடிச்சு ஏழு வருசம். ஒருக்காலெண்டாலும் என்ர சொல்லைக் கேட்டால் தலை கழண்டு விழுந்திடுமோ?”

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. குடையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

ஜெட்டியில் காற்றுச் சற்று அடங்கியிருந்தது. தண்டையல் வானத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுப் புறப்படச் சம்மதித்தார். பலகையில் என் முறை வந்தபோது, கேட்காமலே, நான் வழக்கமாகச் சொல்வதை எழுதினார். தாள் ஆணிக்குப் போனது. கடைக்காரரின் கை உயர்ந்தது. புறப்பட்டோம்.

குடாவின் நடுவே எஞ்சின் இரண்டு முறை இருமி, நின்றுவிட்டது. காற்று அதற்காகவே காத்திருந்ததுபோல மறுபடி எழுந்தது. லோஞ்சு அலைக்குக் குறுக்கே திரும்பிவிட்டது. ஒவ்வோர் அலையும் விளிம்பால் உள்ளே வந்து முழங்காலை நனைத்தது. வாளியாலும் பானையாலும் இறைத்தார்கள். ஒரு பக்கம் கலிமா. ஒரு பக்கம் முருகா முருகா. மீன்காரப் பெண் எல்லாத் தெய்வங்களையும் ஒரே மூச்சில் ஏசிக்கொண்டிருந்தாள். நான் தூணைக் கட்டிப்பிடித்தபடி பதிகம் ஓதினேன். நாக்கு ஓதியது. மனம் வீட்டு வாசலில் நின்றது.

எஞ்சின் அறையிலிருந்து தண்டையல் கைநிறைய எண்ணெயோடு மேலே வந்தார். முகத்தில் பதற்றமில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து, உதட்டுக்குள் எதையோ சொல்லிக்கொண்டு வந்தவர், என்னிடம் வந்ததும் நின்றார். எஞ்சின் நின்றபோது மாறாத முகம் அப்போது மாறியது.

“ஐயா, உங்கட பேர் கரையில இல்ல.”

“இப்ப அதுவோ பெரிசு?”

“வேற என்ன பெரிசு? எஞ்சினை அல்லாஹ் பார்த்துக்கொள்ளுவான். இல்லாட்டி மெக்கானிக் பார்த்துக்கொள்ளுவான். இத நான்தான் பார்க்கணும்.” கடலைத் திரும்பிப் பார்த்தார். வேலையாளுக்குக் கட்டளையிடுவதுபோலச் சொன்னார்: “இண்டைக்கு இந்தப் படகு தாழ ஏலா. ஒரு ஆள் பேரில்லாம நிக்கிறார்.”

அவர் என் அருகில் குந்தினார். “குறை நினைக்காதீங்க ஐயா. உங்கட கோயில்ல அருச்சனைக்குத் தட்டை நீட்டினா, ஐயர் பேரும் நட்சத்திரமும் கேக்கிறவர்தானே? ஆண்டவனுக்கு உங்களத் தெரியாதெண்டா கேக்கிறார்? அவனுக்கு எல்லாம் தெரியும். பக்கத்தில நிக்கிற மனிசருக்குக் கேக்கட்டும் எண்டுதான் கேக்கிறார்.”

இத்தனை வருடம் தட்டேந்தி நின்ற எனக்கு அது தோன்றவில்லை.

அந்நேரம், மழைத்திரைக்குள்ளிருந்து சிறிய மீன்பிடி வள்ளம் ஒன்று வந்தது. இரண்டு பேர், கிண்ணியாக்காரர், மீனை விற்கத் திருகோணமலைக்குப் போகிறவர்கள். அலை அவர்களை எங்கள் அருகே வர விடவில்லை. மூத்தவரைக் ‘காக்கா’ என்று அழைப்பது அவர்கள் வழக்கம்.

“காக்கா! கயிறு போட ஏலா! எங்கட எஞ்சின் சின்னன்! துறைமுகத்துக்குப் போய்ப் பெரிய போட் அனுப்புறம்!”

“அத அனுப்பு!” என்று தண்டையல் கத்தினார். “அதுக்கு முதல் இதக் கேளு! ஜெட்டித் தேத்தண்ணிக் கடை ஆணியில ஒரு பேர் பிழையாக் கிடக்கு!”

“என்ன?”

“பேர்! பேர் ஒண்டு பிழை!”

வள்ளத்தில் இருந்தவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். “காக்கா, சாகப்போற நேரத்திலயும் உங்கட கொப்பியா?”

தண்டையல் என் தோளைத் தொட்டார். “எழும்புங்க ஐயா. நீங்களே சொல்லுங்க. சத்தமா.”

இரண்டு பேர் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். நான் எழுந்து நின்று, காற்றுக்கு எதிரே வாயைத் திறந்து, என் பெயரைச் சொன்னேன். தொண்டை கிழியச் சொன்னேன். தகப்பனார் பெயரைச் சொன்னேன். அன்புவழிபுரம் என்றேன்.

“அன்புவழிபுரத்தில எந்தத் தெரு, எந்த ஒழுங்கை?”

“பிள்ளையார் கோயிலடி!”

“வலப்பக்கமா, இடப்பக்கமா?”

“இடப்பக்கம்! வாசலில மாதுளை மரம்!”

“மாதுளை காய்ச்சிருக்கோ எண்டும் கேட்டுச் சொல்லு!” என்று மீன்காரப் பெண் கத்தினாள். நீர் இறைத்தவர்கள் வாளியை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். சாவு முழங்கால் உயரத்தில் நிற்கையிலே அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்ததோ, அறியேன். வள்ளக்காரன் கையை உயர்த்திவிட்டு மழைக்குள் மறைந்தான்.

தண்டையல் எஞ்சின் பெட்டியின் மேல் சாய்ந்து அமர்ந்து, சாரத்தில் கையைத் துடைத்தார். “அல்ஹம்துலில்லாஹ். இனி நாம ஆறுதலாப் பயப்படலாம்” என்றார்.

கரையில் நடந்ததைப் பின்னர் அறிந்தேன். லோஞ்சு அலைவதைக் குன்றிலிருந்து எவரோ கண்டு சொல்ல, சனம் தேத்தண்ணிக் கடைக்கு ஓடியிருக்கிறது. என் மனைவியும் ஓடியிருக்கிறாள். கடைக்காரர் வாங்குப் பலகையின் மேல் ஏறி நின்று தாளை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அழுகுரல் எழுந்தது. என் பெயர் வரவில்லை. அவள் இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னாள். வரவில்லை. “கோணேசர் அடிமை” என்ற இடத்தில், “இது ஆர்?” என்று ஒருவர் கேட்க, “ஆரோ சாமியார் போல” என்றாராம் கடைக்காரர்.

“பாவம், அவருக்கு அழவும் ஒருத்தரும் இல்லை” என்று சொன்னவள் என் மனைவிதான்.

அதன்பின் அவள் முகம் மலர்ந்துவிட்டதாம். “அவர் என்ர சொல்லைக் கேட்டு பஸ்ஸிலதான் போயிருக்கிறார்” என்று நின்றவர்களிடம் சொன்னாளாம். நேரே பிள்ளையார் கோயிலுக்குப் போய் இரண்டு தேங்காய் உடைத்தாள். ஒன்று, ஏழு வருடத்தில் கணவன் முதன்முறை சொற்கேட்டதற்கு. மற்றது, கடலில் தத்தளிக்கும் அந்த அநாதைச் சாமியாருக்கு. வீடு வந்து உலை வைத்தாள். அரிசி கொதிக்கும்போது, ஈரச் சாரத்தோடு ஒரு மீன்காரன் மாதுளை மரத்தடியில் வந்து நின்றான்.

பிற்பகலில் ஒரு பெரிய படகு எங்களைக் கட்டி இழுத்துக் கரைசேர்த்தது. ஜெட்டியில் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல்கள். அவற்றின் நடுவே என் மனைவியும் நின்றாள். நான் பலகையால் இறங்கி அவள் முன் போய் நின்றேன்.

“நீங்களோ அந்தச் சாமியார்?”

“ஓம்.”

“அவருக்கு ஒரு தேங்காய் உடைச்சனான். அது சரி. நீங்கள் பஸ்ஸில போனதுக்கும் ஒண்டு உடைச்சிட்டன். அதைப் பிள்ளையாரிட்டத் திருப்பிக் கேக்க ஏலாது.”

இதைச் சொல்லிவிட்டுத்தான் அழத் தொடங்கினாள். கடலில் எங்களுக்கு ஏதும் ஆகியிருந்தால், இவள் அன்று மாலை நிம்மதியாகச் சோறுண்டு உறங்கியிருப்பாள். வெள்ளிக்கிழமை படலையைத் திறந்து வைத்துக் காத்திருப்பாள். அடுத்த வெள்ளியும் காத்திருப்பாள். என் அடக்கம் என்று நான் பேணியது இவளை அப்படி இருத்திவிடப் பார்த்தது.

தண்டையல் எங்களைத் தாண்டி நேரே கடைக்குள் போனார். ஆணியிலிருந்து தாளை எடுத்து, பென்சிலை நாவில் தொட்டு, ஒரு வரியை வெட்டி, என் பெயரை எழுதினார்.

“எல்லாரும்தான் வந்திட்டினமே. இனி என்னத்துக்கு?” என்றார் கடைக்காரர்.

“வந்திட்டாங்க எண்டதுக்காகப் பிழையாக் கிடக்கட்டும் எண்டா?”

அடுத்த திங்கள் நான் பலகைக்கு வந்தேன். அவர் வாய் திறக்கும் முன்பே என் பெயர், தகப்பனார் பெயர், ஊர், ஒழுங்கை எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவர் தலை நிமிராமல் எழுதினார். ஒரு சொல் குத்தலாகச் சொல்லவில்லை. எழுதி முடித்தபின், “வீட்டில சுகமா?” என்று மட்டும் கேட்டார்.

அன்று முதல் எங்கள் நட்பு வளர்ந்தது. நான் ஓதும் பாட்டுக்குப் பொருள் கேட்பார். பிடித்துவிட்டால், “ஆண்டவனை இவ்வளவு கிட்டத்தில வச்சுக் கதைச்சிருக்காங்களே” என்று வியப்பார். நோன்பு மாதத்தில் கஞ்சி கொண்டுவந்து, “இறைச்சி போடாதது, உங்களுக்கெண்டே வேறாக் காய்ச்சினது” என்று தருவார்.

சுனாமிப் பேரலை வந்த மார்கழியில் அவர் வயோதிபர். நான் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவன். நாலாம் நாள் எப்படியோ மூதூர் போய்ச் சேர்ந்தேன். தம் வீட்டுச் சுவர் விழுந்துகிடந்ததை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கொப்பியோடு கரையில் நின்றார். “வந்தீங்களா ஐயா. நல்லம். எனக்குக் கை நடுங்குது. நீங்க எழுதுங்க” என்றார். இறந்து கரையொதுங்கியவர்களை அடக்கம் செய்யுமுன் ஒவ்வொருவருக்காகவும் சுற்றி நின்றவர்களைக் கேட்போம். பெயர் தெரிந்தால் பெயர். தெரியாவிடில் சேலையின் நிறம், காதுத் தோடு, காலில் பழைய தழும்பு. அவர் பார்த்துச் சொல்ல நான் எழுதினேன். சில கிழமைகள் கழித்து, ஒரு தோட்டின் அடையாளத்தை வாசித்து ஒரு தாய் தன் மகளைக் கண்டுகொண்டாள். எங்கே இருக்கிறாள் என்று அறிந்துகொண்டாள், அவ்வளவுதான். அவள் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை.

பாலங்கள் வந்தபின் மாதத்தில் ஒருமுறை பஸ்ஸில் போய் அவரைப் பார்ப்பேன். கண் மங்கியிருந்தார், பேச்சு மங்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், அஸர் தொழுகை முடித்துப் பாயிற் சாய்ந்தவர் எழவில்லை. செய்தி பிந்தியே எனக்குக் கிடைத்தது. போனேன். அவருடைய மூத்த மகன், தாமும் பேரப்பிள்ளை கண்டவர், என்னை மையவாடிக்கு அழைத்துப் போனார். வேப்பமர நிழலில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இரண்டு வெறுங் கற்கள். எழுத்தில்லை.

எனக்கு மனம் கேட்கவில்லை. ஊரார் பெயரையெல்லாம் எழுதிய மனிதர் அல்லவா? “தம்பி, உங்கட முறைக்குப் பிழையில்லையெண்டால், ஒரு சின்னக் கல்லில வாப்பாவின்ர பேரை மட்டும் நான் எழுதுவிச்சுத் தாறன்” என்றேன்.

அவர் மெல்லச் சிரித்தார். “வேணாம் ஐயா. நீங்க இப்பிடிக் கேப்பீங்க எண்டு வாப்பா சொல்லிட்டுத்தான் போனவர். ‘ஐயா வந்து பேர் எழுதணும் எண்டு நிப்பார். அவருக்குச் சொல்லு, போய்ச் சேராத ஆளுக்குத்தான் கரையில பேர் இருக்கணும். நான் போய்ச் சேர்ந்திட்டன் எண்டு சொல்லு’ எண்டார்.”

ஆகையினாலே இவ்வெழுத்திலும் நான் அவருடைய பெயரைச் சொல்லவில்லை. அந்த வேப்பமரத்தடியில் சிறிது நேரம் அமர்ந்திருந்தேன். குடாவிலிருந்து காற்று வந்தது. நெஞ்சில் துயர் தேடினேன்; இல்லை. மகன் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, நாலு மணி பஸ்ஸில் ஏறி, வெளிச்சத்தோடு வீடு வந்தேன்.

இதனை வாசிக்கும் நீங்கள் எவ்வூரினராயினும் எச்சமயத்தவராயினும், உங்கள் பயணங்கள் இனிதாகுக. போன இடத்தில் வரவேற்பும், விட்டுவந்த இடத்தில் அமைதியும் நிலைக்க. உங்களுக்காக ஒருவர் எங்கேனும் வழிபார்த்திருக்கும் பேறு உங்கள் ஆயுள் உள்ளளவும் நீங்காதிருக்க. குன்றின்மேல் நின்று கடலைக் காக்கும் பெருமான் உங்கள் எல்லாரையும் தன் கண்ணில் வைத்துக் காக்க.